ஒரே ஒரு கம்பி: புஷ் அறிவிப்புகளின் சின்ன வரலாறு

ஒரு மொபைல் ஆப்பில் புஷ் அறிவிப்பு சேர்க்கிற வேலை பார்க்க ரொம்ப எளிது. ஏதாவது ஒரு கருவித்தொகுப்பை, அதாவது எஸ்டிகேயை, ப்ராஜெக்ட்டில் இணைக்கணும். ஆப் முதல் தடவை திறக்கும்போது "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று பயனரிடம் கேட்கணும். அவர் சரி என்றால் ஒரு நீளமான டோக்கன் கிடைக்கும். அதை நம்ம சர்வருக்கு அனுப்பி டேட்டாபேஸில் வெச்சுக்கணும். பிறகு எப்பெல்லாம் சொல்ல விஷயம் இருக்கோ அப்பெல்லாம் அந்த டோக்கனையும் ஒரு குட்டி ஜேசனையும் சேர்த்து அனுப்பணும். அவ்வளவுதான். கொஞ்சம் அனுபவம் உள்ளவர் அரை நாளில் முடிச்சிடுவார்.

ஆனா கடைசிப் படியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அனுப்பணும் என்றேன். யாருக்கு? பயனரின் ஃபோனுக்கு இல்லை. ஐஃபோன் என்றால் ஆப்பிளின் சர்வருக்கு, ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளின் சர்வருக்கு. அவர்கள்தான் ஃபோனுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். உங்கள் வங்கி, பால் விநியோக ஆப், பிள்ளையின் பள்ளிக்கூட ஆப் எல்லாமே இந்த இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் உங்கள் பாக்கெட்டுக்குள் வருகின்றன.

டீமில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நம்ம சர்வர் நம்மகிட்ட, நம்ம ஆப் அவங்க ஃபோன்ல. நடுவுல இவங்க எதுக்கு?" நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: பேட்டரி. ஆனால் பேட்டரிக்காக எடுத்த ஒரு பொறியியல் முடிவு பதினைந்து வருடத்தில் எங்கே போய் நின்றது என்பது ஒரு வரியில் அடங்காது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

போய்ப் பார்ப்பதும் வந்து சொல்வதும்

செய்தி கிடைக்க இரண்டு வழி உண்டு. தினமும் தபாலாபீசுக்குப் போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கலாம். அல்லது தந்தி வந்தால் ஆளே வீட்டுக் கதவைத் தட்டுவார். 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவையை மூடும்வரை இரண்டாவது வழி நம்மூரில் இருந்தது. கதவு தட்டும் சத்தத்துக்கே வீடு பதறும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு வழிகளுக்குத்தான் கணினி மொழியில் புல், புஷ் என்று பெயர்.

இணையம் அடிப்படையில் தபாலாபீஸ் மாதிரி. பிரவுசர் கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும். கேட்காமல் சர்வர் வாய் திறக்காது. அதனால் புது விஷயம் இருக்கா என்று தெரிய அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கணும். இதற்குப் போலிங் என்று பெயர்.

மேசைக் கணினியில் இது பெரிய பாரம் இல்லை. ஃபோனில் கணக்கே வேறு. ஒரு ஆப் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 1,440 தடவை. இப்படிப் பத்து ஆப் என்றால் 14,400 தடவை. இதில் பெரும்பாலான பதில், "ஒண்ணும் இல்லை, போயிட்டு வா" என்பதுதான். அதற்கு ஆகும் டேட்டா அற்பம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஃபோனின் ரேடியோ தூக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும். 3ஜி காலத்து ரேடியோவின் குணம் என்னவென்றால், ஒரு சிட்டிகை டேட்டா அனுப்பினாலும் உடனே தூங்கப் போகாது. இன்னும் ஏதாவது வருமோ என்று சில விநாடிகள் முழு விழிப்பில் காத்திருக்கும். பேட்டரியைக் குடிப்பது அந்தக் காத்திருப்புதான்.

மாற்று வழி, சர்வருக்கும் ஃபோனுக்கும் நடுவே ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது. ஃபோன் அதைத் திறந்துவிட்டுத் தூங்கலாம். செய்தி வரும்போது மட்டும் எழுந்தால் போதும். மின்னஞ்சல் உலகம் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1997 ஜூனில் ஐமேப் நெறிமுறையில் ஐடில் என்ற கட்டளையைச் சேர்த்தார்கள். "நான் லைன்லயே இருக்கேன், புது மெயில் வந்தா சொல்லு" என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் இணைப்பைத் திறந்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. நடுவில் இருக்கிற மொபைல் நிறுவனத்தின் கருவிகள் ரொம்ப நேரம் பேச்சு மூச்சில்லாத இணைப்பைத் துண்டித்துவிடும். அதைத் தடுக்க அவ்வப்போது "இருக்கேன்" என்று ஒரு துடிப்பு அனுப்பணும். ஒரு இணைப்புக்குத் துடிப்பு என்றால் தாங்கலாம். முப்பது ஆப்புக்கு முப்பது இணைப்பு, முப்பது துடிப்பு என்றால் மறுபடி அதே பேட்டரிப் பிரச்சனை. ஆக, ஃபோனுக்கு ஒரே ஒரு கம்பிதான் இருக்க முடியும், எல்லா ஆப்பும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த கேள்வி தானாக வருகிறது: அந்தக் கம்பியின் மறுமுனையை யார் பிடித்துக்கொள்வது?

பெயரில் மட்டும் புஷ்

புஷ் என்ற சொல்லை ஊரறியச் செய்தது ஃபோன் இல்லை, ஒரு ஸ்கிரீன்சேவர். 1996-இல் பாயின்ட்காஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு இலவச மென்பொருளை வெளியிட்டது. கணினி சும்மா இருக்கும்போது திரையில் செய்தி, பங்கு விலை, வானிலை எல்லாம் ஓடும். ஆபீஸ்களில் காட்டுத்தீ மாதிரி பரவியது. 1997 மார்ச்சில் வயர்ட் பத்திரிகை புஷ்ஷைத் தன் அட்டைக் கட்டுரையாகவே போட்டது. பிரவுசரின் காலம் முடிந்துவிட்டது, இனி செய்தி நம்மைத் தேடி வரும் என்ற தொனியில் அந்தக் கட்டுரை பேசியது. அதே ஆண்டு ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப் பாயின்ட்காஸ்டை 45 கோடி டாலருக்கு வாங்கத் தயாராக இருந்ததாகச் செய்திகள் வந்தன. பேரம் படியவில்லை. 1999-இல் அது கைமாறியபோது விலை சுமார் 70 லட்சம் டாலர்.

வேடிக்கை என்னவென்றால், பாயின்ட்காஸ்ட் உள்ளுக்குள் செய்தது புஷ்ஷே இல்லை. ஒவ்வொரு கணினியும் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கிவந்ததுதான். தபாலாபீசுக்கு ஒரு வேலையாளை ஓடவிட்டுவிட்டு, தந்தி வருகிறது என்று சொன்ன மாதிரி. ஒரு ஆபீசில் நூறு கணினி இப்படி ஓடினால் அந்தக் காலத்து இணைய இணைப்பு என்ன ஆகும்? பல நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்கை அடைக்கிறது என்று அதைத் தடை செய்தன.

கம்பி இல்லாமல் புஷ் என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாயின்ட்காஸ்ட் ஒரு பாடம்.

வாட்டர்லூவில் ஒரு கம்பி

உண்மையான கம்பியைப் பெரிய அளவில் போட்டுக் காட்டியவர்கள் கனடாக்காரர்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் வாட்டர்லூ நகரில் மைக் லசாரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் 1984-இல் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999-இல் பிளாக்பெரி என்ற பெயரில் கையடக்க மின்னஞ்சல் சேவையைக் கொண்டுவந்தது. முதல் கருவிகள் இன்றைய அர்த்தத்தில் ஃபோனே இல்லை. குட்டி விசைப்பலகை கொண்ட இருவழிப் பேஜர்கள். டபுள் ஏ பேட்டரியில் பல நாள் ஓடும்.

அவர்கள் செய்த வேலை இதுதான். உங்கள் ஆபீசின் மெயில் சர்வருக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஒரு சர்வர். அது புது மெயில் வந்ததும் அதைச் சுருக்கி, குறியாக்கம் செய்து, நிறுவனத்தின் சொந்த மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கம்பியில்லா நெட்வொர்க் வழியாகக் கருவிக்குத் தள்ளுவார்கள். கருவி எதையும் கேட்க வேண்டியதே இல்லை. மெயில் வந்து மேசையில் விழுவதற்குள் இடுப்பில் அதிரும். 2006-இல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதிக்காரர்கள் ஆண்டின் புதுச்சொல்லாக "கிராக்பெரி"யைத் தேர்ந்தெடுத்தார்கள். போதைப்பொருளோடு ஒப்பிட்டு வைத்த பட்டப்பெயர். அறிவிப்பு அடிமைத்தனம் பற்றி இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் அப்போதே பேசியாகிவிட்டது.

ஒரே கம்பி, ஒரே மையம் என்ற ஏற்பாட்டின் இரண்டு பலவீனங்களையும் பிளாக்பெரியே முதலில் காட்டியது.

முதலாவது, மையம் விழுந்தால் எல்லாம் விழும். 2011 அக்டோபரில் பிரிட்டனில் இருந்த அவர்களுடைய டேட்டா சென்டரில் ஒரு முக்கிய ஸ்விட்ச் பழுதானது. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா, கடைசியில் வட அமெரிக்கா வரை சேவை மூன்று நாட்களுக்கு மேல் தடுமாறியது. ஃபோன் நன்றாக இருக்கிறது, மொபைல் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, மெயில் சர்வரும் நன்றாக இருக்கிறது. மெயில் மட்டும் வரவில்லை.

இரண்டாவது, மையம் எங்கே இருக்கிறதோ அங்கே அரசாங்கங்கள் கதவைத் தட்டும். 2010-இல் இந்திய அரசு, பிளாக்பெரி செய்திகளைப் பாதுகாப்பு அமைப்புகள் பார்க்க வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று ஆகஸ்ட் 31-ஐக் கெடுவாக வைத்தது. ஐக்கிய அரபு அமீரகமும் அதே ஆண்டு தடை அறிவித்துப் பிறகு விலக்கிக்கொண்டது. அப்போது நாம் இதை ஒரு கனடா கம்பெனியின் தலைவலி என்று படித்துவிட்டுக் கடந்தோம். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

ஆப்பிளின் ஒன்பது மாதத் தாமதம்

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. அப்போதைய ஐஃபோனில் நினைவகம் 128 எம்பிதான். வெளியார் எழுதிய ஆப் எதுவும் பின்னணியில் ஓட அனுமதி இல்லை. நீங்கள் வேறு ஆப்புக்குப் போனால் பழைய ஆப் செத்துவிடும். அரட்டை ஆப் எழுதுபவர்களுக்கு இது பெரிய அடி. திறந்து வைத்தால்தான் செய்தி வரும் என்றால் அது என்ன அரட்டை?

அதற்கு முந்தைய மாதம், ஜூன் 2008 டெவலப்பர் மாநாட்டில், ஆப்பிளின் ஸ்காட் ஃபோர்ஸ்டால் ஒரு தீர்வு சொன்னார். எல்லா டெவலப்பர்களுக்கும் பொதுவாக ஒரே புஷ் சேவை. ஃபோனிலிருந்து ஆப்பிளுக்கு ஒரே ஒரு நிலையான இணைப்பு. டெவலப்பரின் சர்வர் ஆப்பிளிடம் சொல்லும், ஆப்பிள் ஃபோனிடம் சொல்லும். செப்டம்பரில் தருகிறோம் என்றார்.

செப்டம்பர் வந்தது, போனது. 2009 மார்ச் 17 அன்று ஐஃபோன் ஓஎஸ் 3.0 முன்னோட்டத்தில்தான் ஃபோர்ஸ்டால் மறுபடி இந்தப் பேச்சை எடுத்தார். ஆப் ஸ்டோர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வெடித்துவிட்டதால் சர்வர் கட்டமைப்பையே புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று என்று விளக்கினார். கூடவே ஒரு கணக்கும் சொன்னார். மற்ற நிறுவன ஃபோன்களில் ஒரு அரட்டை ஆப்பைப் பின்னணியில் ஓடவிட்டுப் பார்த்தார்களாம். காத்திருப்பு நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதே வேலையைப் புஷ் வழியாகச் செய்தால் இழப்பு 23 சதவீதம். விற்கிறவரே சொன்ன கணக்கு என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் பெரியது. 2009 ஜூன் 17 அன்று சேவை மக்களுக்கு வந்தது. சொன்ன தேதியிலிருந்து ஒன்பது மாதம் தள்ளி.

இதன் முதல் பெரிய விளைவு ஆப்பிள் எதிர்பார்க்காத ஒன்று. 2009 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் யான் கூம் என்பவர் ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தார். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "ஜிம்மில் இருக்கேன்", "பேட்டரி தீரப்போகுது" என்று ஒரு நிலைக்குறிப்பு தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. அதிகம் பேர் சீந்தவில்லை. ஜூனில் புஷ் வந்ததும், நிலைக்குறிப்பு மாறினால் நண்பர்கள் எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி செய்தார். நண்பர்கள் அதை வைத்து ஒருவருக்கொருவர் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நிலைக்குறிப்பு தானாகவே அரட்டையாக மாறிவிட்டது. கூம் அதைக் கவனித்து, அடுத்த பதிப்பில் செய்தி அனுப்பும் வசதியையே சேர்த்தார். அந்த ஆப்பின் பெயர் வாட்ஸ்ஆப்.

துறைமுக எண்களில் ஒரு தடயம்

எனக்குப் பிடித்த பகுதி இது. எங்க வீட்டு ரவுட்டரின் லாக்கை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் இருக்கிற ஐஃபோன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த முகவரியில் "கூரியர் டாட் புஷ் டாட் ஆப்பிள்" என்று இருந்தது. போர்ட் எண் 5223. ஆண்ட்ராய்டு ஃபோன் பிடித்துக்கொண்டிருந்தது "எம்டாக் டாட் கூகுள்", போர்ட் 5228. ஏன் எம்டாக்? ஏன் இந்த எண்கள்?

5222-உம் 5223-உம் ஜாபர் என்கிற திறந்த அரட்டை நெறிமுறையின் பழைய போர்ட்கள். 5223 அதன் குறியாக்கம் செய்த இணைப்புக்கானது. கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை இந்த நெறிமுறையில்தான் கட்டப்பட்டது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் வந்தபோதே அதற்குள் கூகுள் டாக்குக்காக ஒரு நிலையான இணைப்பு இருந்தது. அதை வெளி டெவலப்பர்களுக்கும் திறந்துவிட முதலில் திட்டமிட்டு, பாதுகாப்புக் காரணங்களால் 1.0 வெளியாவதற்கு முன் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2010 மே மாதம் ஆண்ட்ராய்டு 2.2-உடன் சி2டிஎம் என்ற பெயரில் அது வேறு உருவத்தில் வந்தது. செய்தி போனது அதே டாக் கம்பியில். அதனால்தான் ஆரம்பத்தில் ஃபோனில் கூகுள் கணக்கு இல்லையென்றால் புஷ் வேலை செய்யாது. கூகுள் டாக் சேவை போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. எம்டாக் என்ற பெயர் மட்டும் இன்னும் தினமும் நம் ரவுட்டர்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. ஊர் மாறிப்போனாலும் தெருப்பெயர் மட்டும் தங்கிவிடுகிற மாதிரி.

இன்றைக்கு நாம் ஆண்ட்ராய்டுக்கு இணைக்கிற கருவித்தொகுப்பு ஃபயர்பேஸ். அதன் பூர்வீகமும் அரட்டைதான். ஜேம்ஸ் டாம்ப்ளினும் ஆண்ட்ரூ லீயும் இணையதளங்களுக்கு அரட்டைப் பெட்டி தரும் என்வால்வ் என்ற சேவையை நடத்தினார்கள். சில டெவலப்பர்கள் அந்த அரட்டைப் பெட்டியை ஒளித்துவைத்து, அதன் வழியாக விளையாட்டுத் தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனித்து அடித்தளத்தை மட்டும் தனியாகப் பிரித்ததுதான் ஃபயர்பேஸ். 2014-இல் கூகுள் வாங்கியது.

256 பைட்டில் எத்தனை தமிழ்?

2009-இல் ஆப்பிள் அனுமதித்த அறிவிப்பின் மொத்த அளவு 256 பைட். ஜேசன் உறை குறைந்தபட்சம் 20 பைட் எடுத்துக்கொள்ளும். மீதி 236. ஆங்கிலத்தில் 236 எழுத்து, ஒரு எஸ்எம்எஸ்ஸைவிட அதிகம், தாராளம்.

தமிழுக்கு யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு குறிக்கு 3 பைட். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடுக்குப் புள்ளியும் தனிக் குறி, ஆகவே ஏழு. 21 பைட். ஆக 236 பைட்டில் 78 குறிகள்தான் அடங்கும். இது இல்லாமல் இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. அந்தக் காலத்துப் பிஹெச்பி, பைத்தான் நிரல்களில் ஜேசன் உருவாக்கினால், சொல்லி வைக்காத பட்சத்தில், ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு குறியையும் ஆறு எழுத்து எண்வடிவமாக மாற்றிவிடும். அப்போது "வணக்கம்" 42 பைட். மொத்தத்தில் 39 குறிகள். அதாவது நாலைந்து தமிழ்ச் சொற்களுக்கு மேல் இடம் இல்லை.

இதற்கு ஆப்பிளே ஒரு அழகான வழி வைத்திருந்தது. வாக்கியத்தை அனுப்பாதே, வாக்கியத்தின் பெயரை அனுப்பு. வாக்கியங்களை எல்லா மொழிகளிலும் ஆப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, சர்வரிலிருந்து ஒரு சாவிச்சொல்லும் நிரப்ப வேண்டிய பெயரும் மட்டும் வரும். ஃபோன் அதைத் தன் மொழியில் கோத்துக் காட்டும். இடம் மிச்சம், கூடவே ஒரு தற்செயல் நன்மை: நடுவில் இருக்கிறவருக்குச் செய்தி முழுசாகப் போவதில்லை. 2014-இல் எல்லை 2 கேபியாகவும், 2015 இறுதியில் புதிய நெறிமுறையோடு 4 கேபியாகவும் உயர்ந்தது. இடநெருக்கடி தீர்ந்ததும் பலரும் சாவிச்சொல் வழக்கத்தைக் கைவிட்டு வாக்கியத்தையே அனுப்ப ஆரம்பித்தார்கள். வசதி வந்தால் சிக்கனம் போகும் என்பது மென்பொருளிலும் உண்மை.

கல்லறைக் கணக்கு

கூகுள் பக்கம் கணக்கெடுத்தால், சி2டிஎம் 2010-இல் பிறந்து 2015-இல் மூடப்பட்டது. அதற்கு வாரிசாக 2012-இல் வந்த ஜிசிஎம் 2019-இல் மூடப்பட்டது. 2016-இல் எஃப்சிஎம் வந்தது, அதன் பழைய அனுப்பும் வழியை 2024-இல் மூட ஆரம்பித்தார்கள். ஆப்பிள் 2009-இன் நெறிமுறையை 2021 மார்ச் 31 அன்று நிறுத்தியது. இடைத்தரகர் கருவித்தொகுப்புகளில் மிகப் பிரபலமாக இருந்த பார்ஸை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கி, 2017 ஜனவரியில் மூடியது.

இது வெறும் தேதிப் பட்டியல் இல்லை. ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கான சின்ன டீம்கள் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்த குறிப்பை மாற்றி எழுதியிருக்கின்றன. மாற்ற ஆள் இல்லாத ஆப்கள் ஒரு நாள் சத்தமில்லாமல் ஊமையாகியிருக்கின்றன. புஷ் நின்றுபோனால் பிழைச்செய்தி பயனருக்கு வராது. அறிவிப்பு வரவில்லை என்று சொல்ல ஒரு அறிவிப்பு வராது, இல்லையா?

2023 டிசம்பர் கடிதம்

2023 டிசம்பர் 6 அன்று அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அந்நாட்டு நீதித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டு அரசுகள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் புஷ் அறிவிப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்குகின்றன என்ற தகவல் 2022-இலேயே தன் அலுவலகத்துக்கு வந்ததாகவும், இதைப் பற்றி நிறுவனங்கள் வெளிப்படையாகப் பேச விடவேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். அதன் பிறகு ஆப்பிள், இதைச் சொல்லக்கூடாது என்று அரசு தடுத்திருந்ததாக ஒப்புக்கொண்டு, இனி இந்தத் தகவலுக்கு நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று தன் விதிகளை மாற்றியது.

அந்தப் பதிவுகளில் என்ன இருக்கும்? எந்த ஆப், எந்த நேரம், எந்த ஃபோன், அந்த ஃபோன் எந்தக் கணக்கோடு இணைந்தது. செய்தியின் உள்ளடக்கம் குறியாக்கத்தில் இருந்தாலும் இது தெரியும். இரவு 11.02-க்கு ஒருவர் அனுப்பினார், 11.02-க்கு இன்னொருவர் ஃபோன் அதிர்ந்தது, இரண்டும் ஒரே ஆப். ஒரு தடவை நடந்தால் தற்செயல். ஐம்பது தடவை நடந்தால் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உள்ளடக்கம் எதற்கு? தந்தியைப் பிரிக்காமலேயே, தந்தி ஆபீஸ் பேரேட்டை மட்டும் வைத்து ஊர்க்கதை சொல்கிற மாதிரி.

2010-இல் பிளாக்பெரியின் கதவைத் தட்டியவர்கள், பதிமூன்று வருடம் கழித்து அடுத்த இரண்டு கதவுகளையும் தட்டியிருந்தார்கள். தொழில்நுட்பம் மாறியது, வடிவம் மாறவில்லை. ஒரே கம்பி என்றால் ஒரே மறுமுனை. அங்கே ஒரு பேரேடு இருந்தே தீரும்.

வேறு வழியே இல்லையா என்றால், பாதி வழி உண்டு. கூகுள் சேவைகள் இல்லாத சீனாவில் ஷாவ்மி, ஹுவாவே, ஓப்போ என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனிக் கம்பி வைத்திருக்கிறார்கள். டெவலப்பர் அத்தனை கருவித்தொகுப்பையும் இணைக்கிறார். பேரேடு மறையவில்லை, பல கைகளுக்குப் பிரிந்திருக்கிறது, அவ்வளவே. பிரவுசர் உலகத்தின் வெப் புஷ் தரநிலை இன்னும் நேர்மையானது. அதில் உள்ளடக்கத்தைக் குறியாக்காமல் அனுப்பவே முடியாது, நடுவில் இருப்பவர் படிக்க வழியில்லை. ஆனாலும் எப்போது, யாருக்கு என்பது தெரியும். சிக்னல் ஆப் இன்னும் ஒரு படி மேலே: புஷ்ஷில் செய்தியே கிடையாது, "எழுந்திரு" என்ற தட்டல் மட்டும். எழுந்த ஆப் தன் சர்வருக்கு நேராகப் போய்ச் செய்தியை எடுத்துக்கொள்கிறது. கவனித்தீர்களா? கதவு தட்டுவது மட்டும் புஷ், மீதி எல்லாம் புல். தபாலாபீசும் தந்தியும் கைகோத்துக்கொண்டன.

பேட்டரியைக் காப்பாற்ற வந்த ஒற்றைக் கம்பி தவறு என்று நான் சொல்லவில்லை. 80-க்கும் 23-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நம் ஃபோன் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கக் காரணம். ஆனால் ஆப் எழுதுகிறவர் கையில் இன்னும் சில முடிவுகள் மிச்சம் இருக்கின்றன. கணக்கு இருப்பு, மருத்துவப் பரிசோதனை முடிவு, ஒருவரின் பெயர், இதையெல்லாம் அறிவிப்புக்குள் எழுதித்தான் ஆகணுமா, அல்லது ஒரு சாவிச்சொல் போதுமா என்பது அதில் ஒன்று. கருவித்தொகுப்பை நேரடியாக ஆப் முழுக்கத் தெளித்து வைக்காமல், நடுவில் சொந்தமாக ஒரு மெல்லிய அடுக்கு எழுதி, நாளைக்கு அது மூடப்பட்டால் ஒரே இடத்தில் மாற்றுகிற மாதிரி வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் கூடுதல் வேலை. 2009-இல் 256 பைட் நெருக்கடி நம்மைக் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த நல்ல பழக்கத்தை, 4 கேபி காலத்தில் நாமே விரும்பிச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த குறிப்பில் மொபைல் கோபுரங்கள் வழியாக வரும் பேரிடர் எச்சரிக்கை பற்றி எழுத உத்தேசம். அது டோக்கன் இல்லாத, பேரேடு இல்லாத, முற்றிலும் வேறு வகைத் தட்டல். உங்கள் வீட்டு ரவுட்டரில் வேறு சுவாரசியமான பழைய பெயர்கள் ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்க, சேர்த்துப் பார்ப்போம்.